பண்ணைக் குட்டைக்கு மனு போட்ட வருடம்

எங்கள் பக்கத்தில் வண்டியை நிறுத்தி நிலத்தைப் பார்க்கிறவர் எவரும் சும்மா பார்ப்பதில்லை. ஒருவர் குடிக்கத் தண்ணீர் கேட்டு வருவார். சொம்பைத் திருப்பிக் கொடுப்பதற்குள் மொத்தம் எத்தனை சென்ட் என்று கேட்டிருப்பார். இன்னொருவர் கோயிலுக்கு வழி கேட்பார். பேச்சுவாக்கில் பட்டா யார் பெயரில் இருக்கிறது என்பார். கொசு மருந்து அடிக்க வந்த ஆள் என்று நினைத்து ஒருவனை உள்ளே விட்டேன். அவன் வரப்பில் காலடி வைத்து நீள அகலம் அளந்துகொண்டிருந்தான். ராஜகீழ்ப்பாக்கம் ஜங்ஷனில் திரும்பி, மாடம்பாக்கம் தாண்டி உள்ளே வந்தால், அடுக்குமாடிகளுக்கு நடுவே பச்சையாக மிச்சம் இருப்பது எங்களுடையதைப் போல ஒன்றிரண்டு துண்டுதான். அதைப் பார்த்தால் இவர்களுக்கு நாக்கில் எச்சில் ஊறும்.

ஆகவே நான் யாரையும் நம்புவதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை, சுபாவமே அப்படி ஆகிவிட்டது. “ஆண்டவரே வந்து கதவத் தட்டினாக்கூட நீ ஆதார் கார்டு கேப்ப” என்பார் என் வீட்டுக்காரர். அவர் மறைமலை நகரில் கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் வேன் ஓட்டுகிறார். எதிரில் வருகிறவன் ஒதுங்கிப் போவான் என்று நம்பினால்தான் வண்டி ஓட்ட முடியும் என்பது அவர் கட்சி. அவன் ஒதுங்கவே மாட்டான் என்பது என் கட்சி.

புரோக்கர்களை விரட்ட நான் செய்யாத வேலை இல்லை. முள்வேலி போட்டேன். கடிக்கிற மாதிரி குரைக்கிற நாய் ஒன்றை வளர்த்தேன். அது உண்மையில் கடிக்காது, அது வெளியே தெரியாமல் பார்த்துக்கொண்டேன். ரோட்டோரமாக ஒரு தகரப் பலகையும் எழுதி வைத்தேன்: ‘இந்த நிலம் வழக்கில் உள்ளது. யாரும் வாங்கி ஏமாற வேண்டாம்.’ வழக்கும் கிடையாது ஒரு மண்ணும் கிடையாது. சேலையூரில் போர்டு எழுதுகிறவர், “கேஸ் நம்பர் போட்டாதான்கா நம்புவாங்க” என்றார். வாயில் வந்த ஒரு நம்பரைச் சொன்னேன், சிவப்பு பெயிண்டில் போட்டுக் கொடுத்தார். நல்ல வேலை செய்தது அது. கார்கள் வரும், மெதுவாகும், போர்டைப் படிக்கும், போய்விடும். எங்கள் வீடு நிலத்துக்குப் பின்பக்கம் என்பதால் நான் ரோட்டுப் பக்கமே போவதில்லை. நாளடைவில் அப்படி ஒரு பலகை இருப்பதே எனக்கு மறந்துவிட்டது.

நிலம் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு ஏக்கருக்குள்தான். சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை, ஓரமாகக் கொஞ்சம் புதினா. விடியற்காலையில் அறுத்துக் கட்டுக் கட்டி, தாம்பரம் மார்க்கெட்டில் போட்டுவிட்டு எட்டு மணிக்கெல்லாம் வீடு திரும்பிவிடுவேன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது என்னையும் அண்ணனையும் பக்கத்தில் கூப்பிட்டு, “நெலத்த ஒடைக்காதீங்க. ரெண்டு பேருக்கும்தான். பாப்பா பயிர் வைக்கட்டும். நீ வேணுங்கறப்போ வந்து கீரை கிள்ளிக்கினு போ” என்றார். அந்த அறையில் அப்போது நாங்கள் மூன்று பேர்தான். அவர் போன பிறகு பட்டாவை எங்கள் இருவர் பெயரிலும் கூட்டாக மாற்றினோம். உயில் கியில் எதுவும் எழுதவில்லை.

பிரச்சினை கிணறு. நாலு பக்கமும் அடுக்குமாடி, ஒவ்வொன்றுக்கும் பூமியைத் துளைத்துக்கொண்டு போகிற போர். அப்பா காலத்தில் சித்திரையிலும் இறங்காத கிணறு, இப்போது மாசி மாதமே மோட்டார் போட்ட கால் மணி நேரத்தில் காற்றை இழுத்துக் கத்த ஆரம்பித்துவிடுகிறது. நான் சொல்கிற வருடம் கோடையில் பாதிப் பாத்தி கருகிப் போனது. இன்னொரு கோடை அதே மாதிரி போனால் கீரை இல்லை. கீரை இல்லையென்றால் நிலம் சும்மா கிடக்கும். சும்மா கிடக்கிற நிலத்தை எங்கள் பக்கத்தில் யாரும் ரொம்ப நாள் வைத்திருந்ததில்லை.

அப்படி இருக்கும்போதுதான் வீட்டு வரி ரசீது வாங்க ஊராட்சி அலுவலகம் போனேன். சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. விவசாயிகள் சொந்த நிலத்தில் பண்ணைக் குட்டை வெட்டிக்கொள்ள அரசு மானியம் தருகிறது, மழைநீரைச் சேமிக்கலாம், கிணறு ஊறும் என்று போட்டிருந்தது. இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை சின்ன எழுத்தில் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தேன். அரசாங்கம் தானாக வந்து என் நிலத்தில் குழி வெட்டித் தருகிறேன் என்றால், அந்தக் குழி யாருக்கு?

“நல்ல விஷயம்தானே. போய் மனு குடுத்துட்டு வா” என்றார் வீட்டுக்காரர்.

“சொம்மா இன்னாத்துக்குக் குடுக்கறாங்க? நம்பகிட்ட இன்னா வேணும் அவங்களுக்கு?”

“கீரை வேணும். குழம்பு வைக்கறதுக்கு.”

இந்த மனிதரோடு இருபத்தேழு வருடம் குடித்தனம் பண்ணியிருக்கிறேன்.

மனுவுக்குச் சிட்டா நகல் வேண்டும் என்றார்கள். இ-சேவை மையத்துக்குப் போனேன். கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருந்த பெண் சர்வே நம்பரைக் கேட்டாள். பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள், எப்படிச் சத்தமாகச் சொல்வது? துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினேன். அவள் தட்டி முடித்ததும் சீட்டைத் திருப்பி வாங்கி, சுக்கு நூறாகக் கிழித்து, என் பையிலேயே போட்டுக்கொண்டேன். அவள் சிரிக்காமல், “இத ஆன்லைன்ல யார் வேணா பாக்கலாம்கா. உங்க பேர், உங்க அண்ணன் பேர் எல்லாம் வரும்” என்றாள். அதைக் கேட்ட பிறகு எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

அடுத்தது எந்த ஆபீஸ் என்கிற பேஜார். தாம்பரம் பக்கம் ஒரு அலுவலகத்தில் கேட்டால், “உங்க ஏரியா மாநகராட்சியில சேர்ந்துடுச்சும்மா, விவசாயத் திட்டம் எல்லாம் வராது” என்றார்கள். மாநகராட்சியில் கேட்டால், “நீங்க எங்க லிமிட்டே இல்ல, பஞ்சாயத்து” என்றார்கள். வரி வாங்கும்போது மட்டும் யாருக்கும் இந்தக் குழப்பம் வரவில்லை. வேண்டுமென்றே அலைய விடுகிறார்கள், அலுத்துப்போய் நிலத்தை விற்கட்டும் என்று காத்திருக்கிறார்கள், இதில் அடுக்குமாடி கட்டுகிற கம்பெனிக்காரனுக்கும் பங்கு இருக்கிறது என்றெல்லாம் பஸ்ஸில் வரும்போதே கணக்குப் போட்டு முடித்துவிட்டேன்.

நாலாவது இடம்தான் சரியான இடம். வேளாண் அலுவலகம் என்று பெயரே தவிர, ஒரு மாடிப்படிக்கு அடியில் இரண்டு மேஜை, விதை மூட்டைகள், ஒரு மின்விசிறி. அங்கே இருந்த அதிகாரி சின்னப் பெண், சேலம் பக்கத்துப் பேச்சு. உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். தண்ணீர் கொடுத்ததும் எனக்கு உஷார் கூடியது.

அவள் என் நிலத்தின் வரைபடத்தை மேஜையில் விரித்தாள். “இந்த மூலைதான் தாழ்வா இருக்குதுங்க. கிணத்துக்கும் பக்கம். இங்க வெட்டினா ஐப்பசி மழை முழுக்க இதுல வந்து நிக்கும். ஒரு மழைக்காலம் நின்னாப் போதும், கோடையில கிணத்துல தெரியும். ஆனா மழைக்கு முன்னாடி வெட்டணும்ங்கக்கா. அப்புறம் மெஷின் இறங்காது.”

எல்லாம் சரியாகத்தான் இருந்தது. நான் ஆறு நாளாக மனசில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டேன்.

“குட்டை வெட்டினா, நாளைக்கு ரெக்கார்டுல இது நீர்நிலைன்னு ஏறிடுமா?”

அவளுக்குப் புரியவில்லை. எங்கள் பக்கத்து ஜனங்களுக்கு மட்டும்தான் இந்தப் பயம் புரியும். ஏரி, குட்டை, தாங்கல் என்று பழைய ரெக்கார்டில் ஒரு வார்த்தை இருந்தால் போதும், முப்பது வருடம் குடியிருந்தவன் வீட்டு வாசலில் இயந்திரம் வந்து நிற்கும். அப்படி நின்றதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சொந்த நிலத்தில் சொந்தக் கையால் குட்டை வெட்டிவிட்டு, பத்து வருடம் கழித்து நீர்நிலையை ஆக்கிரமித்தவள் என்று நோட்டீஸ் வாங்கிக்கொள்ள நான் தயாராக இல்லை.

அவள் பொறுமையாகச் சொன்னாள். அது பட்டா நிலம், குட்டையும் என்னுடையது, வகைப்பாடு மாறாது. “எழுதிக் குடு” என்றேன். அவள் அரசு உத்தரவில் அந்தப் பக்கத்தை மட்டும் பிரிண்ட் எடுத்து, அந்த வரியின் கீழே கோடு போட்டுக் கொடுத்தாள். இவ்வளவு பொறுமையாக ஒரு ஆள் பதில் சொல்கிறார் என்றால் காரணம் இல்லாமலா என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

நான் கிளம்பும்போது அவள் ஒன்று சொன்னாள். “கூட்டுப் பட்டா இல்லீங்களா, உங்க அண்ணன் சம்மதக் கையெழுத்து வேணும். நாங்க முதல்ல இடத்தைப் பாக்கறோம். சரின்னு வந்தா கையெழுத்து வாங்கிக் குடுங்க.” அங்கேதான் இடித்தது.

அண்ணன் கோவிலம்பாக்கத்தில் இருக்கிறான். என்னைவிட இரண்டு வயது பெரியவன். அப்பா போன பிறகும் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நேராக நிலத்துக்கு வருவான், கிணற்று மேட்டில் உட்கார்ந்து இரண்டு டீ குடிப்பான், ஒரு கட்டு அரைக்கீரை எடுத்துக்கொண்டு போவான். திடீரென்று வருவதை நிறுத்தினான். போன் செய்தால் அண்ணி எடுத்து, “அவர் குளிக்கிறாரு” என்பாள். எந்த மனுஷன் நாள் முழுக்கக் குளிக்கிறான்? கல்லறைத் திருநாளுக்கு முன்பெல்லாம் இரண்டு குடும்பமும் சேர்ந்துதான் போவோம். அப்பா கல்லறையைக் கழுவி, சாமந்தி வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்துவோம். அதுவும் நின்றது. நான் சாயங்காலம் போகும்போது அப்பா தலைமாட்டில் மெழுகுவர்த்திகள் முக்கால்வாசி எரிந்து வழிந்து கிடக்கும். எனக்கு முன்னால் வந்து ஓடிப் போயிருப்பான். தங்கச்சி முகத்தில் விழிக்க முடியவில்லை என்றால் மனசில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? பாகத்தைப் பிரித்து விற்க ஆள் பார்க்கிறான் என்று முடிவு கட்டினேன். ஆறு வருடம் அந்த முடிவோடுதான் இருந்தேன்.

கையெழுத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று மனுவைப் போட்டேன்.

ஆவணி மாதம் ஒரு நாள் நான் மார்க்கெட்டிலிருந்து வரத் தாமதமானது. பக்கத்தில் ஆடு மேய்க்கிற அக்கா ஓடி வந்து, “ஒரு பொண்ணு ஸ்கூட்டில வந்து ரோட்டாண்ட நின்னு போன்ல படம் புடிச்சிகினு பூட்சு” என்றாள். எனக்குத் தலைக்கு ஏறியது. இப்போது பெண்களையும் புரோக்கர் வேலைக்கு அனுப்ப ஆரம்பித்துவிட்டான்களா என்று அன்று முழுக்கத் திட்டிக்கொண்டிருந்தேன். நாயையும் திட்டினேன்.

பத்து நாள் கழித்துப் போனில் ஒரு செய்தி வந்தது. ‘தங்கள் மனு நிராகரிக்கப்பட்டது. காரணம்: நிலம் வழக்கில் உள்ளது.’

இதைப் படிக்கிற உங்களுக்கு இந்நேரம் விளங்கியிருக்கும். எனக்கு விளங்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அந்தத் தகரப் பலகை என் நினைவின் பக்கத்தில்கூட வரவில்லை. எனக்குத் தெரிந்ததெல்லாம், நான் யார் மேலும் வழக்குப் போடவில்லை. அப்படியென்றால் என் மேல் யாரோ போட்டிருக்கிறார்கள். பட்டாவில் இருப்பது இரண்டு பெயர். அதில் ஒன்று நான். மிச்சம் யார்?

அலுவலகத்துக்குப் போன் செய்தேன். அந்தப் பெண் பயிற்சிக்குப் போயிருக்கிறாள், திங்கட்கிழமை வருவாள் என்றார்கள். அன்று சனிக்கிழமை. திங்கள்வரை என்னால் இருக்க முடியவில்லை. ஐப்பசிக்கு ஒன்றரை மாதம்தான் இருந்தது. மறுநாள் பூசைக்குக்கூடப் போகாமல் வீட்டுக்காரரை ஸ்கூட்டரை எடுக்கச் சொன்னேன்.

“போயி சண்ட போடாத. மொதல்ல கேளு” என்றார்.

“கேக்கத்தான் போறேன்.”

“நீ கேக்கறதே சண்ட மாதிரிதான் இருக்கும்.”

மேடவாக்கம் ரோட்டு நெரிசலில் ஒவ்வொரு சிக்னலிலும் நான் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். அப்பா கடைசியாகச் சொன்னதை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தேன். அதற்கு அவனால் பதில் சொல்ல முடியாது.

இரண்டாவது மாடி. கதவைத் திறந்தது அண்ணன்தான். முன்தலை முழுக்க நரைத்திருந்தது. கதவை முழுதாகத் திறந்து விலகி நின்றான். பிறகு, “வாங்க” என்றான்.

என் அண்ணன் என்னை வாங்க என்றான். பிறந்ததிலிருந்து அவன் வாயில் நான் பாப்பா. ஐம்பது வயதில் மார்க்கெட்டில் நாலு பேர் முன்னால்கூடப் பாப்பா என்றுதான் கூப்பிடுவான். அந்த ஒரு ‘ங்க’ என்னை அறைந்த மாதிரி இருந்தது. ஒத்திகை பார்த்ததெல்லாம் போய்விட்டது.

“இன்னாத்துக்குண்ணா கேஸ் போட்ட? நேர்ல வந்து கேக்க உனக்கு வாய் இல்லியா?”

அண்ணி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். அண்ணன் அவளைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான்.

“நானா போட்டேன்? ஆறு வருஷமா நீ போட்ட கேஸுக்கு சம்மன் இன்னிக்கு வரும், நாளைக்கு வரும்னு பாத்துகினு கீறோம். போஸ்ட்மேன் பெல் அடிச்சா உங்க அண்ணி கதவத் தெறக்க மாட்டேங்கறா. இப்போ வூடு தேடி வந்து என்னியக் கேக்கற.”

“நான் எங்க போட்டேன்? எவன் சொன்னான்?”

அவன் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்து வந்தான். பட்டா நகல், அப்பாவின் இறப்புச் சான்றிதழ், ஏதேதோ காகிதங்கள். எல்லாவற்றுக்கும் மேலே பெரிதாக்கி பிரிண்ட் எடுத்த ஒரு போட்டோ. அதில் என் முள்வேலி, என் தகரப் பலகை, சிவப்பு எழுத்து. ‘இந்த நிலம் வழக்கில் உள்ளது.’

“ஞாயித்துக்கெழம எப்பவும் போல வந்தேன். இத்தப் பாத்தேன். உள்ள வராம அப்டியே திரும்பிட்டேன்” என்றான். “நம்பர் போட்டு எழுதி வச்சிக்கீற. எனக்கு வேற எப்டித் தெரியணும்? வக்கீல் இந்த நம்பர தாம்பரத்துல தேடினாரு, இல்ல. செங்கல்பட்டுல தேடினாரு, இல்ல. ஹைகோர்ட்ல இருக்கும், வரும்போது வரும், தயாரா இருங்கன்னாரு.”

என் வீட்டுக்காரர் குனிந்து போட்டோவைப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார்.

“மச்சான், இது நான் முன்னாடி ஓட்டின வேன் நம்பராச்சே.”

கீழே தெருவில் ஒருவர் காலிபிளவர் விற்றுக்கொண்டு போனார். அவர் குரல் தெருமுனை திரும்பும்வரை எங்களுக்குக் கேட்டது.

“அது டுபாக்கூர் போர்டுண்ணா” என்றேன். “புரோக்கருங்கள வெரட்ட வச்சது. அந்த போர்டு எழுதறவன் நம்பர் கேட்டான், வாயில வந்தத சொன்னேன்.”

“எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?”

“நீ ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?”

“எதிர்பார்ட்டிகிட்டத் தனியாப் பேசக் கூடாதுன்னாரு வக்கீல். கல்லறைக்குக்கூட அதனாலதான் விடியறதுக்குள்ள போய்ட்டு வந்துடுவேன்.”

எதிர்பார்ட்டி. நான். கேட்பதற்கு ஒன்றுதான் மிச்சம் இருந்தது. “நான் உன் மேல கேஸ் போடுவேன்னு நம்பிட்டியாண்ணா?”

அவன் போட்டோவை ஃபைலுக்குள் திருப்பி வைத்தான். கொஞ்ச நேரம் அதன் ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தான்.

“வக்கீல் கேட்டாரு, அப்பா ரெண்டு பேருக்கும்தான்னு சொன்னதுக்கு சாட்சி யாருன்னு. நான் உன் பேரத்தான் குடுத்தேன் பாப்பா. அந்த ரூம்ல வேற யாரு இருந்தா? அவரு பேனாவக் கீழ வச்சிட்டு என்னிய ஒரு மாதிரி பாத்தாரு. எங்க கேஸு நிக்காதுன்னு எனக்கு அப்பவே தெரியும். ஆனா என் தங்கச்சி சாட்சிக் கூண்டுல ஏறினா பொய் சொல்ல மாட்டா சார்னு சொல்லிட்டு வந்தேன்.”

எனக்கு அழுகை வந்தது. அடக்கிப் பார்த்தேன், முடியவில்லை, நடுக்கூடத்தில் உட்கார்ந்து அழுதேன். அவன் மேல் நான் சந்தேகப்பட்ட ஆறு வருடத்தையும் அவனிடம் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. பாகம் பிரிக்க ஆள் பார்க்கிறான் என்று நான் எத்தனை பேரிடம் பேசியிருப்பேன். அவனோ வழக்கு என்று நம்பிய பிறகும் என்னையே சாட்சிக்கு வைத்திருந்தான். அண்ணி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்காரர் எங்களைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

சம்மதக் கையெழுத்தை அவன் அப்போதே போட்டுக் கொடுத்தான். கூடவே, இந்த நிலத்தின் பேரில் எந்த வழக்கும் இல்லை என்று ஒரு தாளிலும் நாங்கள் இருவரும் கையெழுத்து வைத்தோம். அந்தத் தாளை எதற்கும் இருக்கட்டும் என்று மூன்று நகல் எடுத்துக்கொண்டேன். அழுத கண்ணோடுதான் எடுத்தேன். சுபாவம் எங்கே போகும்?

சாயங்காலமே அண்ணன் ஸ்பேனரோடு வந்து பலகையைக் கழற்றினான். துருப்பிடித்த போல்ட்டு லேசில் வரவில்லை. நான் தாங்கிப் பிடித்துக்கொண்டேன், அவனும் வீட்டுக்காரரும் மாறி மாறித் திருகினார்கள். ரோட்டுப் பக்கம் நின்று நான் என் நிலத்தைப் பார்த்தது ஆறு வருடத்துக்கு அப்புறம் அன்றைக்குத்தான். வெளியூர்க்காரி மாதிரி இருந்தது.

திங்கட்கிழமை அலுவலகம் போனேன். அந்தப் பெண் பயிற்சியிலிருந்து வந்திருந்தாள். போனைத் திறந்து தான் எடுத்த படத்தைக் காட்டினாள். ஸ்கூட்டியில் வந்தது அவள்தான். படத்தின் நடுவில் பலகை, அதன் பின்னால் பச்சைப் பசேலென்று என் தண்டுக்கீரை. “உங்க கேட்டுல நீங்களே எழுதி வெச்சிருக்கீங்கக்கா. நான் வேற என்ன எழுத முடியும்?” என்றாள். கோபமே இல்லாமல் சொன்னாள். ரொம்பக் கேவலமாக இருந்தது எனக்கு.

மறுபடி மனு, மறுபடி பார்வை. இரண்டாம் தடவை அவளோடு ஒரு உதவியாளரும் வந்தார். அவளை உட்கார வைத்து மோர் கொடுத்தேன். அவர் மட்டும் யாரென்று தெரியாததால் அடையாள அட்டையைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். வீட்டுக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

உத்தரவு வந்து மெஷின் இறங்கியபோது வானம் மூடிக்கொண்டுவிட்டது. நாலு நாள் வேலை. மூன்றாவது நாள் மத்தியானமே தூற ஆரம்பித்து, மெஷின் ஓட்டுகிறவர் “சேத்துல மாட்டிக்கும்கா” என்று ஏற்றிக்கொண்டு போய்விட்டார். ஒரு பக்கக் கரை அரைகுறையாக நின்றது. நானும் அண்ணனும் வீட்டுக்காரரும் மண்வெட்டியோடு இறங்கினோம். அண்ணனுக்குக் கை கொப்பளித்துவிட்டது, ஆபீஸ் கை. அன்று ராத்திரி பெய்த மழையில் குட்டையில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அடுத்த கோடையில் கிணறு ஏமாற்றுமா ஏமாற்றாதா என்று எனக்கு அப்போது தெரியாது. கரையில் நின்று ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வருடக் கல்லறைத் திருநாளும் மழையில்தான் வந்தது. அண்ணன் வழக்கம்போல விடிவதற்குள் வந்துவிட்டுப் போய்விடுவான், பிடித்துவிட வேண்டும் என்று நான் ஐந்து மணிக்கே சாமந்தியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். கல்லறைத் தோட்டத்தில் ஆள் நடமாட்டம் இல்லை. தூரத்திலிருந்தே பார்த்தேன். அப்பா தலைமாட்டில் வெளிச்சம் எதுவும் இல்லை. வரவில்லையோ என்று நடையை எட்டிப் போட்டேன்.

பக்கத்தில் போனபோதுதான் தெரிந்தது. கல்லறையைக் கழுவி விட்டுவிட்டு, குடையைப் பிடித்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். மெழுகுவர்த்திகள் வரிசையாக நட்டு வைத்தபடி இருந்தன. ஒன்றுகூடக் கொளுத்தவில்லை. என்னைப் பார்த்ததும் குடையை என் பக்கம் சாய்த்து, சட்டைப் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்து நீட்டினான்.

“எவ்ளோ நேரமா உக்காந்துகினு கீற?”

“நாலு மணிக்கு வந்தேன் பாப்பா. நீ எப்போ வருவியோன்னு தெரியல.”

தீப்பெட்டி நமத்துப் போயிருந்தது. ஐந்தாவது குச்சிதான் பற்றியது.